செஞ்சி மலைக்காட்டில் ஒற்றை விசில்

செஞ்சிக்கு அருகே மலைக்காட்டில் நடந்துவரத் திண்டிவனத்திலிருந்து பன்னிரண்டு பேர் வேனில் கிளம்பினோம். எங்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். அன்று அவருக்கு ஓய்வு நாள். ஒல்லியான உடம்பில் பூப்போட்ட சட்டை, கழுத்தில் பஸ்ஸில் ஊதும் அதே விசில். ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கள் தலைகளை எண்ணுவார். கணக்குச் சரியென்றால் இரண்டு விசில், போகலாம். குறைந்தால் ஒன்றே, நிற்க வேண்டும்.

"டிக்கெட்டும் கிழிச்சிக் குடுப்பீங்களாண்ணே?" என்று மற்றவர்கள் அவரைச் சீண்டினார்கள்.

இறங்கும்போது வெப்பாலை மரமொன்று வெள்ளையாகப் பூத்திருந்தது. எந்த மரம் எப்போது பூக்கிறதென்று குறித்துவைப்பது என் வழக்கம். தேதியும் நேரமும் குறித்துக்கொள்ள நான் பாதையை விட்டு விலகினேன். சருகு மூடியிருந்த பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கீழே ஒரு விசில் ஒலித்தது. இன்னொன்றும் ஒலித்தால் அவர்கள் போய்விடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒலிக்கவே இல்லை! அந்தத் தனிமையில் வாய்விட்டுச் சிரித்தேன்.

சருகு நொறுங்கக் கண்டக்டர் ஓடிவந்தார்.

"இன்னா சார், இங்க குந்திக்கினு இன்னா பண்றீங்க? பதினொண்ணுதான் வருதுன்றேன், என்னையே நான் எண்ண மறந்துட்டேன்னு சிரிக்கிறானுங்க!"

"விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நல்லாக்கீது போங்க. ஆளு ஏறாம வண்டி எப்பிடி சார் கெளம்பும்?"

கல்லைப் புரட்டிக் காலை விடுவித்தார். தோளில் சாய்த்து இறக்கிவந்தார். நாங்கள் அனைவரும் வேனில் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஒரே மூச்சில் காலி செய்தார்.

எங்களை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.