பொடி டப்பாவில் அடைத்த பழி

மன்னிப்பது உடம்புக்கு நல்லது என்கிறார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை; வயிறு மந்தமாகிவிடும். பழி வாங்கிய அன்றைக்குத்தான் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அறுபதுகளில் மாட்டுங்காவில் எங்கள் சபாவின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. பகலில் ஃபோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம். சாயங்காலமானால் லாமிங்டன் ரோடு ரேடியோக் கடைகளில் உதிரி சாமான் பொறுக்குவேன். அப்படிப் பொறுக்கி நானே கட்டியதுதான் அந்த வால்வு ப்ரீஆம்ப். மைக்கிலிருந்து வரும் முணுமுணுப்பைத் தூக்கி, பவர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டி. அதன் பின்னால் பழைய வால்வு பவர் ஆம்ப்ளிஃபயர். இரண்டும் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால் மேஜைமேல் ஒரு டேபிள் ஃபேன். கொஞ்சம் இரைச்சலும் உண்டு. அதையும் சுருதியில் சேர்த்துக்கொள்ளும்படி வித்வான்களைக் கேட்டுக்கொள்வேன்.

ஒரு கமிட்டி மீட்டிங்கில், எல்லோர் கையிலும் காபி டம்ளர் இருக்கிற நேரமாகப் பார்த்து செக்ரெட்டரி மாமா கனைத்தார்.

"நம்மாத்து மாப்பிள்ளை ரெண்டு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கிண்டு வந்திருக்கார். சூடு கிடையாது, இரைச்சல் கிடையாது. ஏக்தம் மாடர்ன். இனிமே மைக்கெல்லாம் அவரே பாத்துப்பார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பெட்டி வித்வானுக்கு மேல பாடறதுடா அம்பி. அதுக்கும் சேத்து சால்வை போத்தணும்போல இருக்கு."

இரண்டு பேருக்குச் சிரிப்பில் காபி புரையேறியது. நானும் சிரித்துவைத்தேன். என் ஜோக்குக்கு அவர்கள் சிரிப்பது வழக்கம்; நானே ஜோக்கானது அன்றுதான்.

"அந்த ப்ரீஆம்ப் மட்டும் இங்கேயே இருக்கட்டும் சார். புதுசுல மைக்கை நேரா மாட்ட முடியாதாம்" என்றார் மாப்பிள்ளை.

"பேஷா வெச்சுக்கோங்கோ" என்றேன். ரயில்வே பாலத்துக்கு வந்த பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

விஷயம் இதுதான். பழைய பவர் ஆம்ப்ளிஃபயர் பெருந்தீனிக்காரன். வாளி வாளியாக ஊற்றினால்தான் அசையும். என் ப்ரீஆம்பை அந்த வாளிக் கணக்குக்குத்தான் கட்டியிருந்தேன். புதிய ட்ரான்சிஸ்டர் பெட்டிகளுக்கோ ஓர் உத்தரணி போதும், முழுச் சத்தமும் வந்துவிடும். அவற்றில் குறைத்துக்கொள்ள ஒரு குமிழ்கூடக் கிடையாது. என் பெட்டியின் குமிழை மயிரிழை திருப்பினால் ஹால் அதிரும், மயிரிழை குறைத்தால் ஊமை. குமிழைத் தாண்டி உட்கார்ந்திருக்கிற வால்வின் இரைச்சல் மட்டும், எதைத் திருகினாலும் அடங்காமல் பாம்பு மாதிரி சீறிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளையோ கடையில் டேப் ரிக்கார்டரை நேராக மாட்டிக் கேட்டு மயங்கி வாங்கியவர்; என் பெட்டியோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மருந்து என்னவோ சுலபம். இரண்டு ரெசிஸ்டர். ஒன்று வழியை மறிக்கும், மற்றது மிச்சத்தை எர்த்துக்கு வடித்துவிடும். வீட்டுக்குப் போன கையோடு அதைச் செய்து, ஒரு காலி மூக்குப்பொடி டப்பாவுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் சாக்கெட் பொருத்தினேன். மாப்பிள்ளை திறந்து பார்த்துக் காப்பியடிக்காதபடி மூடியை ஈயம் வைத்து அடைத்தேன். உதவிசெய்யும் உத்தேசமெல்லாம் இல்லை. எத்தனை பேரை என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தாரோ, அதற்கு மேல் ஜனம் பார்க்க செக்ரெட்டரி மாமா என்னிடம் கெஞ்ச வேண்டும். பிறகு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கச்சேரி நாளன்று, தாதரில் சிநேகிதனைப் பார்க்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இடது பையில் நான் போடுகிற பொடி டப்பா, வலது பையில் பழி. மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் மேஜையில் இருந்த மாப்பிள்ளை, மேஜை மைக்கில் "ஹலோ" என்றார். உத்தரத்தில் இருந்த புறாக்கள் வெளியேறின. எனக்குச் சொர்க்கத்தில் காற்று வாங்குவதுபோல் இருந்தது.

அப்போது திரை விலகியது. இறைவணக்கம் பாடத் தம்புராவோடு உட்கார்ந்திருந்தது என் மனைவி.

வழக்கமாகப் பாடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். அங்கே பாடுகிறேன் என்றால் நான் குதிப்பேன் என்று, பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை. வீட்டில் சமையலறைச் சுவருக்கு மட்டும் கேட்கும்படி பாடுகிறவள்.

எழுந்து ஓடியவன் நான் இல்லை, என் கால்கள். நான் பின்னாலேயே போனேன். ஒரு மாமியின் புடவையை மிதித்து, மிருதங்கக்காரரின் செருப்பில் வழுக்கி, மேஜையைப் பிடித்து நின்றேன். பையில் கையை விட்டு டப்பாவை நீட்டினேன்.

"இதை மாட்டுங்கோ! நடுவுல, ரெண்டுக்கும் நடுவுல!"

"இதுல என்ன இருக்கு?" என்று மாப்பிள்ளை மூடியைத் திறந்தார். திறக்க முடிகிற டப்பா இடது பை டப்பா என்று எனக்கு உறைப்பதற்குள் டேபிள் ஃபேன் தன் வேலையைச் செய்துவிட்டது.

மேஜை மைக் போட்டபடியே இருந்தது. அவர் போட்ட தும்மலுக்குத் தெருவில் டாக்ஸி நின்றதாகப் பிறகு சொன்னார்கள். அடுத்தடுத்துத் தும்மிக்கொண்டே அவர் குழாயடிக்கு ஓடினார். நான் அவர் நாற்காலியில் விழுந்து, அந்த மைக்கை நிறுத்தி, சரியான டப்பாவைச் செருகினேன்.

சீறல் நின்றது. அவள் பாடினாள். அடுப்பங்கரையில் கேட்கிற அதே குரல், கொஞ்சமும் கெடாமல், கடைசி வரிசைவரை போயிற்று. என் கண்ணில் தண்ணீர். பொடிதான் காரணம்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்தது. செக்ரெட்டரி மாமா வரவேற்புரைக்கு மைக் முன்னால் வந்தார். அவர் பார்க்கும்படியே நான் டப்பாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வயரைப் பழையபடி நேராக மாட்டினேன்.

"பெரியோர்களே" என்றார். பெரியோர்கள் காதைப் பொத்தினார்கள். குமிழைக் குறைத்தேன், வாய் மட்டும் அசைந்தது. ஏற்றினேன், இடி இடித்தது. கொஞ்ச நேரம் நான் இப்படி விளையாடிய பிறகு, மாமா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். அவர் வந்து சேருவதற்குள் மேஜை மைக்கை மறுபடி போட்டுவிட்டு, நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அவர் குனிந்தார், மைக்குக்கு நேராக.

"அம்பி, அந்த டப்பாவைப் போட்டுடேன்" என்று ரகசியமாகச் சொன்னார். ரகசியம் ஹாலைச் சுற்றி வந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்; அது நான் செய்த ஏற்பாடு இல்லை.

"எந்த டப்பா மாமா?" என்றேன் மெல்ல.

"மானம் போறதுப்பா. உன் கையைக் காலா நெனச்சுக்கறேன். இனிமே நீயே பாத்துக்கோ. இந்த மாப்பிள்ளைக்கு ஒரு மண்ணும் தெரியாது."

முன் வரிசையில் அவருடைய பெண் எழுந்து நின்றாள். கடைசி வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "மாமா, இப்பத்தான் நன்னாக் கேக்கறது!"

ஹால் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து டப்பாவைச் செருகினேன். அதன் பிறகு அவர் பேசியது துல்லியமாகக் கேட்டது. யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள். "ஏன்னா, அந்த மைக் போட்டிருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா?"

"பாவம் அந்த மாமா" என்றாள். ஆனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் சிரிப்பது தெரிந்தது. என் வலது பையில் டப்பா குலுங்கியது. கச்சேரி முடிந்ததும் மறக்காமல் கழற்றி எடுத்து வந்திருந்தேன். அடுத்த கச்சேரிக்கும் அவர் வந்து கேட்கட்டுமே.