பாப்பாயியின் ஈர்க்குச்சிகள்

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புல்தரையில் பந்து விழுந்து பதிந்த குழியை முகம் தொடும்படி குனிந்து பார்க்கிறாள் பாப்பாயி. அப்புறம்தான் இரண்டு பல் உள்ள சின்ன முள்கரண்டியை எடுக்கிறாள். ஓரத்து மண்ணை நடுவை நோக்கித் தள்ளுகிறாள், அடியிலிருந்து நெம்புவதில்லை. நெம்பினால் வேர் அறுந்துவிடும். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் அவளிடம் ஒரு வாரம் வேலை பழகலாம்.

பதினெட்டு வருஷமாகக் கிணத்துக்கடவு பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். கோல்ஃப் மைதானத்தில், கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். ஆறாம் நம்பர் கிரீன் அவள் பொறுப்பு. மட்டையை, அவள் சொல்லும் ஸ்டிக்கை, தொட்டதில்லை; தொட ஆசையும் இல்லை. ஆனால் பந்து விழுந்த தடத்தை வைத்தே அடித்தவர் யாரென்று சொல்லிவிடுவாள்.

"ஸ்டிக்கு மொகம் மல்லாந்திருக்கறது ஒண்ணுங்க, அது கீழ எறங்கற சாய்வு ஒண்ணுங்க. ரெண்டுக்கும் நடுவுல எத்தன அகலமோ, பந்துக்கு அத்தன சுத்து. பின்னால சுத்திக்கிட்டே மேல போயி, பொத்துனு உளுந்து அங்கயே நின்னுக்கும்."

சீனிவாசலு சாருடைய பந்து மட்டும் நிற்காது. பம்ப்செட் கம்பெனி முதலாளி. கிளப் கமிட்டியில் பெரிய குரல். வருஷம் ஒரு மட்டை மாற்றுகிறார், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மல்லாந்தது. அறுபது டிகிரிக்கு வந்தாயிற்று. ஆனால் பந்தைத் தூக்கிவிடும் அவசரத்தில் மட்டையை மேல்நோக்கி வீசுவார். விளிம்பு பந்தின் வயிற்றில் படும்; அறுபது டிகிரிக்கு வேலையே இல்லை. பந்து தாழப் பறந்து, கிரீனைத் தேய்த்துக்கொண்டு பின்பக்கத்து மணலுக்குள் ஓடிவிடும்.

"கொழம்பு மோக்கறாப்புல மோக்கறாருங்க" என்று பாப்பாயி நோயைக் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது.

சார் கண்டுபிடித்தது வேறு. கிரீன் கல்லாகிவிட்டது, பாப்பாயி தண்ணீர் விடுவதில்லை, ஆளை மாற்ற வேண்டும். எழுத்திலேயே கொடுத்துவிட்டார். சனிக்கிழமை காலை ஆட்டம் முடிந்ததும் செயலாளர் கௌதமன் நேரில் பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று அவள் ஒரு குழியையும் மூடவில்லை. ஒவ்வொன்றிலும், பந்து வந்த சாய்வுக்கே ஓர் ஈர்க்குச்சியைச் செருகி வைத்தாள். ஐந்து நிமிர்ந்து நின்றன. ஆறாவது படுத்துக் கிடந்தது.

"என்னம்மா இது, நாத்து நட்டு வச்சிருக்கறே?" என்றார் கௌதமன்.

"காத்தால ஆறு பேரு அடிச்ச பந்து வந்த வழிங்க சார். வெரல உட்டுப் பாருங்க. கல்லுல இப்பிடிக் குழி உளுகுங்களா?"

விரல் பாதி இறங்கியது. கௌதமன் நிமிர்ந்து சீனிவாசலுவைப் பார்த்தார். "இதுல உங்களுது எதுங்க சார்?"

பாப்பாயி கொடியைப் பார்த்துக்கொண்டாள். படுத்த குச்சியைக் காட்டினால் உண்மை ஜெயிக்கும்; நாலு பேர் முன்னால் தலைகுனிந்த கமிட்டிக்காரர், அடுத்த மாதம் வேறு காரணம் சொல்லி அவளை அனுப்பிவிடுவார்.

சீனிவாசலு குச்சிகளைச் சுற்றி வந்தார். எல்லாவற்றிலும் நேராக நின்றதன் அருகே நின்றார். "இதுதானுங்க. எப்பிடிக் கடிச்சிருக்குது பாருங்க!"

"அப்ப கிரீன் நல்லாத்தான் இருக்குதுங்களா?"

சீனிவாசலு அந்த நிமிர்ந்த குச்சியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"பரவால்லீங்க. அந்தக் கடுதாசியக் கிழிச்சுப்போடுங்க."

கௌதமன் விடவில்லை. "அந்தப் படுத்த குச்சி யாருதுங்க?"

"அது மயிலு கீறுனதுங்க சார்" என்ற பாப்பாயி, அதற்குள் அதைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து, முள்கரண்டியின் பல்லிடுக்கில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.