சன்னி பார்க்க வந்தவர்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். கல்முனைப் பக்கம் றாஹிலாவுக்கு இது நடந்தது நடந்ததுதான். எழுபத்தெட்டில், சூறாவளி அடித்து ஓய்ந்த அடுத்த கிழமை.

கூரை பறந்த வீட்டை விட்டு உம்மாவும் தங்கச்சிமாரும் அட்டாளைச்சேனைக்குப் போய்விட்டார்கள். புருஷன் பளீலுக்குக் கொதிக்கும் காய்ச்சல். அசைக்க முடியாது. கூரை மிஞ்சிய குசினிக்குள், அடுப்போரம், அவனும் அவளும் மட்டும். விழுந்த தென்னைகள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையை அடைத்துக் கிடந்தன. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவன் மவுத்தாகிவிட்டால் சொல்லி அழக்கூட ஆளில்லை என்பதுதான் அவளை வதைத்தது.

அன்று அந்திக்கு மஃரிப் தொழுது எழுந்தாள். வெளியே மழை கொட்டியது. வாசலில் ஆதம்பாவா பரிசாரி நின்றார். ஊருக்கே நாட்டு மருந்து கொடுப்பவர். யார் சொல்லி வந்தார் என்று கேட்கவும் தோன்றவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பளீலின் மணிக்கட்டில் அவர் மூன்று விரல் வைத்தார்.

“சன்னி, புள்ள. பழைய ஏட்டுல சன்னிபாதம் எண்டு இரிக்கி. ஒண்டாக் கூடி விழுறது எண்டு கருத்து. வாதம், பித்தம், சிலேத்துமம் மூணும் கூடினா புத்தி தடுமாறும். ஜின்னுமில்ல, பேயுமில்ல. வெளிய இரிந்து ஆரும் வாறல்ல.”

பளீல் கண் திறந்தான்.

“றாஹிலா... ஆரோட கதைக்காய்?”

“பரிசாரியார் வந்திரிக்கார். இந்தா, உங்கட கையைத்தான் புடிச்சிரிக்கார்.”

“இஞ்ச ஆருமில்லயே...”

பரிசாரி தலையை ஆட்டினார். “பக்கத்துல இரிக்கிற ஆளைத் தெரியல்ல. அதுதான் சன்னி.”

“தப்புவாரா?”

“விடியட்டும்.”

ஊற்றி வைத்த தேத்தண்ணியை அவர் தொடவில்லை. மழைக்குள் வந்தவரின் சட்டையில் சொட்டு ஈரமில்லை. றாஹிலா கண்டாள். கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

டக்... டக்... ஓட்டில் நீர் சொட்டியது.

“கை குளிருது...” என்றான் பளீல்.

ஒரு கை மட்டும்.

அவர் பிடித்த கை.

எப்போது கண்ணயர்ந்தாளோ தெரியாது. விடியச் சுபஹுக்கு விழித்தபோது அவர் இல்லை. தேத்தண்ணி அப்படியே இருந்தது. பளீலுக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது.

வெயில் ஏற, அவளுடைய அண்ணன், அபுல் ஹஸன் காக்கா, கோடரியால் மரம் தறித்து வழி பண்ணிக்கொண்டு வந்தார். றாஹிலா சந்தோஷமாக ஓடினாள்.

“காக்கா! பரிசாரியார் ராவு வந்து பாத்த. சுகமாயிற்று!”

அவர் கோடரியைக் கீழே வைத்தார்.

“எந்தப் பரிசாரி? ஆதம்பாவா புயலடிச்ச அண்டே மவுத்து. சுவர் விழுந்து. அடக்கக் கொண்டு போக நான்தான் மையத்துக்குத் தோள் குடுத்த.”

றாஹிலா பளீலிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப... சன்னி வந்த எனக்கா?”

பளீல் கையை நீட்டினான்.

மணிக்கட்டில் மூன்று விரல் தடம். நீலமாக.