சகலையின் தோள்

கொல்லிமலை என்றால் எனக்கு அருவி நினைவுக்கு வருவதில்லை. என் சகலையின் மார்பில் தொங்கிய இரண்டு சின்னக் கால்கள்தாம் வருகின்றன. அவை என் மகளுடையவை.

சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முந்தைய கதை. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. என்னோடு வேலை பார்த்தவர்கள் லீவு போட்டு ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போவார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றவர் சகலை, என் மனைவியின் அக்காள் கணவர். மிளகு வாங்க அடிக்கடி அங்கே ஏறி இறங்குபவர். பிள்ளை இல்லாதவர். அவரைக் கண்டால் என் நான்கு வயது மகள் என்னை மறந்துவிடுவாள். ஆகாய கங்கை அருவியையாவது அவளுக்கு நான்தான் முதலில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

எல்லாம் முறைப்படி செய்தேன். மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்கினேன். அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; மகளை டோலியில் தூக்கிவர ஆள் கேட்டு, அப்படி ஒரு நாட்டின் தலைவருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தேன். அடிவாரத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மலை விவசாயி ஒருவரிடம் விசாரித்தேன்.

"எந்த நாட்டுக்கு எழுதுனீங்க?"

"பைல் நாட்டுக்கு."

"இது குண்டூர் நாட்டு வழிங்க சாமி. அவுங்க ஆளு இங்க வந்து தோள் குடுக்க மாட்டாங்க. எங்ககிட்ட வாயில ஒரு சொல்லு சொல்லியிருந்தாப் போதுமுங்களே."

"ஏனுங்க சகலை, மலை உச்சியில அப்பீல் போட்டுப் பாக்கலாங்களா?" என்றார் சகலை. என் மனைவியும் சேர்ந்து சிரித்ததுதான் பொறுக்கவில்லை.

மகளை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது திருப்பத்தில் அவள், "அப்பா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உடறாங்க. நான் பெரியப்பாகிட்டப் போறேன்" என்றாள். "வா கண்ணு" என்று அவர் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அன்றும் மறுநாளும் அவள் இறங்கவே இல்லை. பாறைச் சரிவில் தட்டுத்தடுமாறி ஆகாய கங்கைக்கு நான் இறங்கிச் சேர்ந்தபோது அவள் பாவாடை முழுக்க நனைந்திருந்தது.

"அப்பா, அங்க பாருங்க, அருவி!" என்று எனக்குக் காட்டினாள்.

"சகலை வந்துட்டாருங்க. இனி தண்ணி தாராளமா விழலாம்" என்றார் அவர்.

சகலை காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் என் மகள் தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பா என்னையத் தோள்ல வெச்சுக்கிட்டே கொல்லிமலை ஏறுனாரு தெரியுமா?"

பதிவேட்டில் ஒரு பிழை கண்டால் யாருக்கு, எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள் எழுதவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. பேத்தி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா ரொம்பக் கனமா இருந்தாங்களா, தாத்தா?"

"கனமே தெரியல கண்ணு" என்றேன்.