என் மகளின் இடது தோளில் வந்த வலி

சென்ற மாசிக் கடைசியில் என் மகள் பவித்ராவுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. எச்சில் விழுங்கினாலே கண் கலங்கினாள். பத்தொன்பது வயது. திண்டுக்கல் கல்லூரியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே பேச ஆரம்பிக்கிறவள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மாரியம்மனை நம்பி வாழும் என் போன்ற குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கன்னிவாடிக்குப் பக்கம். நான் பால் சங்கத்தில் பாலின் தரம் பார்த்து அளக்கும் வேலையில் இருக்கிறேன். மனைவி முருகேஸ்வரி. பவித்ரா எங்களுக்கு ஒரே பிள்ளை.

முதலில் காய்ச்சலும் தொண்டை வலியும்தான். வாயைத் திறந்தால் உள்ளே இரு பக்கமும் வெள்ளை படிந்திருந்தது. தொண்டைப் புண் என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகும் காய்ச்சல் விடவில்லை. கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டி வீங்கிவிட்டது.

அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்கா சரசு வந்து பார்த்தார்.

"பொன்னுக்கு வீங்கிடா தம்பி. இதுக்குப் போயி இம்புட்டு முழி முழிக்கிற?" என்று பொன் பட்டால் வீக்கம் வற்றும் என்ற நம்பிக்கையில் தன் கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பவித்ராவுக்குப் போட்டுவிட்டார். "வீக்கம் வத்துனதும் பத்திரமாத் திருப்பிக் குடுத்துரணும்டி. உங்கப்பன் எங்கிட்ட வாங்குன குடையே இன்னும் வீடு வந்து சேரல."

பவித்ரா சிரித்தாள். அதன் பிறகு வெகு நாள் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

சங்கிலி போட்ட இரண்டாம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. மறுநாள் கை கால் முழுக்கப் பரவியது. முருகேஸ்வரி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மணல்வாரி. ஆத்தா வந்திருக்கா."

எங்கள் பக்கத்தில் அம்மை என்றால் என்ன செய்வோம் என்பது உங்களுக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பை நிறுத்தினோம். மாத்திரையையும் நிறுத்தினோம். இளநீரும் கூழும் கொடுத்தோம். முருகேஸ்வரி அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளைக்கு இறங்கிவிட்டால், பங்குனித் திருவிழாவில் பவித்ராவே கோயிலைச் சுற்றி உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்வாள் என்பது வேண்டுதல்.

தடிப்பு மறைந்தது. காய்ச்சலும் குறைந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினோம். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. பவித்ரா பகலெல்லாம் தூங்கினாள். தலை வாரிவிட்டு வந்து மறுபடி படுத்தாள். மூன்று வாய் சோறு தின்றாலே வயிறு நிறைந்துவிட்டது என்பாள். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று இரண்டொரு தடவை சொன்னாள். அம்மை இறங்கின உடம்பு, தேற நாளாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. பாலில் தண்ணீர் சேர்ந்தால் கருவியைப் போட்டுச் சொல்லிவிடுவேன். என் பிள்ளைக்கு என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திருவிழா நாள் காலையில் அபிஷேகத்துக்குப் பால் கொண்டு போனேன். சன்னதியில் நின்று, "ஆத்தா, எனக்கு ஒண்ணும் புரியல. பிள்ளைக்கு உருளத் தெம்பு குடு. வேற ஏதாச்சும் இருந்தா என் கண்ணுல காட்டு" என்று வேண்டினேன். என்னை அறியாமல் அழுதுவிட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் பவித்ராவை அழைத்து வந்தோம். மஞ்சள் சேலையில் அவள் இன்னும் மெலிந்து தெரிந்தாள். கோயில் குழாயடியில் குடத்தை நிறைத்துத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினாள். ஊற்றியவள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"தோள் வலிக்குதுப்பா. மூச்சு இழுத்தா கொல்லுது."

"குடம் தூக்குனதுல புடிச்சிருக்கும். செத்த நேரத்துல சரியாயிரும். படு சாமி" என்றாள் முருகேஸ்வரி.

பவித்ரா படுக்கப் பார்த்தாள். இடது பக்கம் சாய முடியவில்லை. பாதியில் எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

அங்கப்பிரதட்சணத்துக்கு நின்றவர்களில் அவளுக்கு அடுத்து நின்றவர், எங்கள் ஊரிலிருந்து வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரு பெண். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார். திருவிழாவுக்கு வந்திருந்தார். அவரும் ஈரச் சேலையோடுதான் நின்றார். குனிந்து பவித்ராவின் நாடியைப் பிடித்தார்.

"தோள்ல அடி பட்டுச்சா பாப்பா?"

"இல்லக்கா."

"முன்னாடி தொண்டை வலி இருந்துச்சா? கழுத்துல நெறி கட்டுச்சா?"

"ஆமாக்கா. அப்பறம் அம்மை போட்டுச்சு."

"அதுக்கு முன்னாடி மாத்திரை எதுவும் சாப்பிட்டியா?"

பவித்ரா ஆமென்று தலையாட்டினாள். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "மதினி, பிள்ளை உருளக் கூடாது. வயித்துல இடப்பக்கம் மண்ணீரல் வீங்கியிருக்கலாம். அங்கே ரத்தம் கசிஞ்சா வலி தோளுக்கு வரும். உடனே திண்டுக்கல்லுக்குப் போகணும்."

முருகேஸ்வரி சன்னதிப் பக்கம் திரும்பினாள். "ஆத்தாளுக்குச் சொன்ன கடன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்புனா குத்தமாயிராதா?"

"நானும் கடனுக்குத்தான் நிக்கிறேன். உங்களோட வந்துட்டுத் திரும்பி வந்து உருளுறேன். ஆத்தா எங்கயும் போயிற மாட்டா மதினி."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சன்னதியைப் பார்த்தேன். கண்ணில் காட்டு என்று கேட்டுவிட்டுப் போனவன் நான். "கடன் என்னோடது ஆத்தா. நான் உருளுறேன். பிள்ளையக் குடு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் காருக்கு ஆள் அனுப்பினேன். பூசாரி ஒரு கொத்து வேப்பிலையைப் பவித்ராவின் கையில் கொடுத்தார். "போயிட்டு வா தாயி" என்றார்.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். எங்களோடு வந்திருந்த சரசு அக்கா அதை வாங்கிக் கையில் இறுக்கிக்கொண்டார். அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அக்கா பேசாமல் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நோயின் பெயர் மோனோநியூக்ளியோசிஸ். வைரஸால் வருவது. எச்சில் வழியாகப் பரவும். ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தாலும் தொற்றலாம். காய்ச்சல், தொண்டைப் புண், கழுத்தில் நெறி, ஆளை அடித்துப் போடும் சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். பார்வைக்குச் சாதாரணத் தொண்டைப் புண் போலவே இருக்கும். அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளை இந்தக் காய்ச்சலில் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். நாங்கள் அம்மை என்று நினைத்தது அதைத்தான். கல்லீரலும் கொஞ்சம் வீங்கியிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஓய்விலேயே சரியாகிவிடுமாம். சிலருக்கு மண்ணீரல் பெரிதாகி அதன் உறை மெலிந்துபோகும். அந்த நேரத்தில் அடி பட்டாலோ அழுத்தினாலோ கிழிந்துவிடலாம்.

"மேல் உறைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. உறை கிழியல. கசிவு நின்னுட்டா ஆபரேஷன் வேண்டாம். பார்த்துக்கிட்டே இருப்போம்."

"உருண்டிருந்தா டாக்டர்?" என்று முருகேஸ்வரி கேட்டாள்.

"உருளல இல்ல? அதை நெனைங்க."

பவித்ராவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஆபரேஷன் என்று சொல்லத்தான் வருகிறார்களோ என்று எழுந்து நின்றோம். நர்ஸம்மா மாற்றுச் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு எங்களோடு இருந்தார். முருகேஸ்வரி வேப்பிலைக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மன் பெயரைச் சொன்னபடி இருந்தாள். எனக்குச் சொல்ல ஒரே வார்த்தைதான் இருந்தது. பிள்ளையக் குடு.

மறுநாள் ஸ்கேனில் இரத்தக்கட்டு பெருகவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. கசிவு நின்றுவிட்டது. கத்தி வைக்காமலே என் மகள் எனக்குக் கிடைத்தாள். வார்டுக்கு மாற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, சங்கிலி பத்திரமா?" அக்கா விம்மி அழுதுவிட்டார்.

குடம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, இரு சக்கர வண்டியில் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை எல்லாம் கடைப்பிடித்தோம். சோர்வு மெதுவாகத்தான் விலகியது. ஆடியில் எடுத்த ஸ்கேனில் மண்ணீரல் பழைய அளவுக்கு வந்திருந்தது.

ஆடி வெள்ளியில் என் கடனைத் தீர்த்தேன். ஈர வேட்டியோடு படுத்து உருண்டேன். அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு பவித்ரா என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். "பால் கேன் உருளுற மாதிரியே இருக்குடா" என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. முதல் திருப்பத்திலேயே தலை சுற்றித் திசை தவறினேன்.

"அப்பா, வலது பக்கம் வாங்க. சுவரு இடிக்கும்" என்றாள் பவித்ரா.

மறுபடி அவளிடமிருந்து ஓயாத பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரல் போன பக்கமே உருண்டேன்.

அன்று நான் கேட்ட தெம்பை அம்மன் கொடுக்கவில்லை. பிள்ளையைப் படுக்கவிடாமல் உட்காரவைத்து, பக்கத்தில் கேள்வி கேட்க ஒருத்தியையும் நிறுத்தியிருந்தாள். அதனால் இப்போது நான் கும்பிடும் விதம் மாறியிருக்கிறது. இன்னது கொடு என்று கேட்பதில்லை. காட்டு என்கிறேன். காட்டுவதைக் கவனிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தொண்டை வலியும் கழுத்து வீக்கமும் விடாத சோர்வும் ஒரு பிள்ளைக்கு வரலாம். வாசலில் வேப்பிலை செருகுங்கள், தப்பில்லை. மருத்துவரிடமும் காட்டுங்கள். இடது விலாவிலோ தோளிலோ வலி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கடன் அப்புறம் தீர்க்கலாம். ஆத்தா காத்திருப்பாள். எனக்காகக் காத்திருந்தாள்.