மாப்பிள்ளையை இழுத்து வந்த லொறி

எங்கள் தோட்டத்து லொறியைப் பற்றி யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். மட்டமாகப் பேசாதவர் ஒருவரும் இல்லாததால் அந்த நாட்களில் நான் எந்நேரமும் கோபமாகவே திரிந்தேன். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன வண்டி அது. யாரோ ஏலத்தில் எடுத்து நமுனுகுல மலையேற்றி எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேசனுக்கு இறக்குவதுதான் அதன் உத்தியோகம். ஆனால் பசறை ரோட்டில் எவன் கார் நின்றாலும், எந்த பஸ் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்தாலும், கட்டி இழுக்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது மட்டும் லொறி நல்ல லொறி. வேலை முடிந்ததும் மறுபடி ஓட்டை லொறி. மனுசனுக்கு நன்றி கிடையாது என்பதை நான் அந்த ரோட்டில்தான் கற்றேன்.

அந்த லொறிக்கு நான் டிரைவர். கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். டீச்சர், பெரிய கணக்கப்பிள்ளையின் மகள். சிலேட்டு, சுண்ணக்கட்டி வாங்க மாதத்தில் ஒரு தரம் என் லொறியில் பதுளைக்கு வருவார். துணைக்கு அவருடைய அத்தை ஒருவர். அந்த அம்மா ஏறி உட்கார்ந்த மறுநிமிசம் தூங்கிவிடுவார், தெய்வம் மாதிரி. மற்ற எவனுக்காவது அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்னென்னவோ பேசியிருப்பான். நானோ கிளட்ச், கியர், பிரேக் என்று பதுளை வரும்வரை லொறியைப் பற்றியே பேசுவேன். திரும்பும்போது எஞ்சினைப் பற்றிப் பேசுவேன். மனதில் இருந்ததை மட்டும் சொன்னதே இல்லை. டீச்சரும் அதென்ன, இதென்ன என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வருவார்.

இப்படியிருக்கும்போது, வெள்ளிக்கிழமை டீச்சரைப் பெண் பார்க்க லுணுகலையிலிருந்து வருகிறார்கள் என்ற சேதி தொழிலாளர் லயம் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலை. சொந்தக் கார், சுருட்டை முடி. இதில் ஒன்றும் எனக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்தும் நான் போர்வைக்குள் கிடந்தேன். உலகம் எக்கேடு கெட்டும் போகட்டும் என்று கிடந்தவனைக் கணக்கப்பிள்ளையே வந்து கதவைத் தட்டி எழுப்பினார்.

"தம்பி, லொறிய எடு! மாப்பிள்ள கார் பசறையில நின்னு போச்சாம். ஆபீசுக்குப் போன் வந்துச்சு. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள அவங்க நம்ம வாசப்படி மிதிக்கணும். மாப்பிள்ளையோட அம்மா அதுலெல்லாம் ரொம்பக் கறாராம். நேரம் தப்புச்சுன்னா இந்தச் சம்பந்தமே இல்லைன்னுட்டுப் போயிருவாங்க."

என் நிலைமையைப் பாருங்கள். என் டீச்சரைப் பார்க்க வருகிறவனை நானே சங்கிலி போட்டு இழுத்துவந்து அவர் வாசலில் விடவேண்டும்! "லொறி ஓடாதுங்க" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாக்கு வரவில்லையே. என் லொறி ஓடாது என்று என் வாயாலேயே சொல்வதா? செத்தாலும் சொல்ல மாட்டேன். "ஜம்முன்னு ஓடுங்க ஐயா" என்று சொல்லித் தொலைத்தேன்.

நான் லொறிக்கு முன்னால் குனிந்து கம்பியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது டீச்சர் தாம்பாளத்தோடு வந்தார். வருகிறவர்களுக்கு ஆலத்தி எடுக்க வைத்திருந்த தட்டு அது. சந்தனம், குங்குமம், கற்பூரம், விளக்குத் திரி எல்லாம் இருந்தன.

"நல்ல காரியத்துக்குப் போற வண்டிப்பா. பொட்டு வைக்காம அனுப்பலாமா?" என்றார் அப்பாவிடம்.

தோட்டத்தில் எந்த வண்டி எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் பொட்டு வைப்பது வழக்கம்தான். ஆனால் டீச்சர் அன்று வைத்ததைப் போல ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள். முன்விளக்கு, பானட், கதவு, ஸ்டீரிங், பெற்றோல் டாங்கி மூடி என்று சுற்றிச் சுற்றி வந்து ஒரு இடம் விடாமல் அப்பினார். கணக்கப்பிள்ளை பூரித்துப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. மாப்பிள்ளை வருவதில் இவ்வளவு ஆனந்தமா? என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை பக்கத்தில் ஏறிக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

பசறை வரைக்கும் இறக்கம். எஞ்சினுக்கு வேலையே இல்லை, சும்மா உருண்டுபோய்ச் சேர்ந்தோம். காருக்குள் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டி, மடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, யாரையோ சபிக்கத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நல்ல மனுசன், அது வேறு எனக்கு எரிச்சல். "உங்களுக்கு ரொம்பச் சிரமம்" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். காரின் முன்னால் சங்கிலியை மாட்டினேன். அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ள, மலையேறத் தொடங்கினோம்.

ஏற்றத்தில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். லொறி இருமியது, இழுத்தது, குலுங்கியது, நின்றுவிட்டது.

எனக்கு மானம் போய்விட்டது. குதித்து இறங்கிப் பானட்டைத் திறந்தேன். பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் கார்பரேட்டர். லொறி இருமினால் எந்த டிரைவரும் முதலில் கை வைப்பது அதில்தான். உள்ளே ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதன் ஓட்டை ஊசிமுனை அளவுதான், ஒரு தூசி போதும் அடைத்துக்கொள்ள. கழற்றி, வாயில் வைத்து ஊதி, மாட்டினேன்.

கணக்கப்பிள்ளைக்கு வேறு சந்தேகம். டிரைவர் என்று பிறந்தவன் எல்லாம் பெற்றோல் திருடன் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. தேயிலைச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து, டாங்கி மூடியைத் திறந்து, உள்ளே விட்டு அளந்து பார்த்தார். பெற்றோல் நிறைய இருந்தது. ஏமாந்துபோய் மூடினார். நான் கம்பியைச் சுற்றினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது!

"ஜெட்டுல தூசிங்க ஐயா" என்றேன். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி இருமல், மறுபடி நின்றது.

இந்தமுறை கார்பரேட்டருக்குள் பெற்றோலில் மிதக்கிற மிதவை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஸ்பேனர் பிடியால் பக்குவமாக நாலு தட்டு தட்டினேன். கணக்கப்பிள்ளை குச்சியோடு போய் மறுபடி அளந்தார். சுற்றினேன், பிடித்துக்கொண்டது. "மிதவைதாங்க!" என்று கத்தினேன். ஒரு கட்டை போனோம். நின்றோம்.

மூன்றாம் தரம் மாப்பிள்ளை இறங்கி வந்தார். "பெற்றோல் பைப் சூடாகியிருக்கும். ஈரத்துணி சுத்துனா என்ன?" என்றார். கானில் ஓடிய தண்ணீரில் முகம் துடைக்கிற தன் கைலேஞ்சியை நனைத்துச் சுற்றினார். கணக்கப்பிள்ளை வழக்கப்படி அளந்தார். லொறி கிளம்பியது!

"பார்த்தியா மாப்பிள்ளையோட மூளைய!" என்று கணக்கப்பிள்ளை என் தொடையில் தட்டினார். எனக்கு லொறியைப் பள்ளத்தில் இறக்கிவிடலாமா என்றிருந்தது. இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்த பிள்ளை ஊரான் வீட்டுத் தின்பண்டத்துக்குப் பல்லிளித்த மாதிரி, என் லொறி அவன் கைலேஞ்சிக்கு இளித்துவிட்டதே! நல்லவேளை, அதுவும் நின்றது. நான்காம் தரம் மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டு, டயரில் வைத்து நசுக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை அளந்தார். லொறி கிளம்பியது. "கண்ணேறுதான்" என்றார் அந்த அம்மா. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஆளுக்கொரு வைத்தியம், எல்லா வைத்தியமும் பலித்தது, எதுவும் ஒரு கட்டைக்கு மேல் நிற்கவில்லை.

ஐந்தாம் தரம் நின்றபோது தோட்டத்துக்கு இன்னும் மூன்று கட்டைதான் பாக்கி. ராகு காலத்துக்கும் நேரம் மிச்சமிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கணக்கப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, "இப்பிடித் தடைக்கு மேல தடை வருதே, பொண்ணோட சாதகத்த ஒழுங்காப் பார்த்தீங்களா?" என்று கேட்க, அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். குச்சி விட ஆளில்லை. ஜெட்டைக் கழுவக் கொஞ்சம் பெற்றோல் வேண்டியிருந்ததால், அன்றைக்கு முதல்முறையாக டாங்கி மூடியை நானே திறந்தேன்.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

டாங்கி காற்றை உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம் அது! கணக்கப்பிள்ளைக்குக் காது மந்தம், ஒவ்வொரு தரமும் அந்தச் சத்தம் அவரோடேயே போயிருக்கிறது. டாங்கி மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெற்றோல் குறையக் குறையக் காற்று அதன் வழியாக உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் பெற்றோல் கார்பரேட்டருக்கு வராது, வண்டி மூச்சுமுட்டி நிற்கும். திறந்தால் காற்றுப் போகும், ஓடும். அப்படியென்றால் இவ்வளவு நேரமும் வைத்தியம் பார்த்தது நானுமில்லை, கைலேஞ்சியுமில்லை, எலுமிச்சம்பழமுமில்லை. பெற்றோல் திருடனைப் பிடிக்க வந்த கணக்கப்பிள்ளையின் குச்சி!

மூடியின் மேற்பக்கத்தை உற்றுப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில் அந்த ஓட்டைக்குள் விளக்குத் திரி ஒன்று இருந்தது. தவறி விழுந்த திரியல்ல. நன்றாக முறுக்கி, குச்சியால் குத்தி, இறுக்கி அடைத்து, மேலே சந்தனம் பூசி, அதற்கும் மேலே அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

இந்த ஓட்டையைப் பற்றி உலகத்தில் நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். பதுளை போகிற வழியில், அத்தை தூங்கிக்கொண்டிருந்தபோது.

அடியம்மா! எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுரோட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடினேன் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். காலில் அட்டை கடித்தது என்று சொல்லிச் சமாளித்தேன். திரியைப் பிடுங்கி எறிந்தால் மூன்று கட்டையும் ஒரே ஓட்டம், நல்ல நேரத்தில் மாப்பிள்ளை வாசலில். பழுது என்னவென்று தெரிந்தும் அப்படியே வண்டியைக் கிளப்பியவன் என்ற பெயர் எனக்கு என் வாழ்க்கையில் கிடையாது. அன்றைக்கு எடுத்தேன் அந்தப் பெயரை. மூடியைத் துடைத்து, அப்படியே திருகி இறுக்கினேன்.

குச்சியோடு வந்த கணக்கப்பிள்ளையை, "பெற்றோல் இருக்குங்க ஐயா, நானே பார்த்துட்டேன்" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினேன். லொறி கிளம்பியது, ஒரு கட்டை ஓடியது, பிறகு நின்றது. கற்பாறையாக நின்றது. நான் டாங்கிப் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை. துண்டை விரித்து, கார்பரேட்டரை முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு ஆணியாகத் துடைத்து அடுக்கினேன். ஊதினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மறுபடி துடைத்தேன். அவ்வளவு சுத்தமான கார்பரேட்டர் ஊவா மாகாணத்திலேயே இருந்திருக்காது. பாட்டு வேறு தானாக வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினேன். பத்தரை எப்போதோ போய்விட்டது.

வேறு வழியில்லாமல் நான் இரண்டு தரம் மூடியைத் திறந்து மூடி வண்டியைக் கிளப்பி, அவர்களைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டபோது நடு ராகு காலம். மாப்பிள்ளையின் அம்மா காரைவிட்டு இறங்கவே இல்லை. "இந்த நேரத்துல வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று காருக்குள்ளேயே தேத்தண்ணீரைக் குடித்தார். ராகு காலம் கழிந்தும் இறங்கவில்லை. "கடவுளே வழியில அஞ்சாறு தரம் வேணாமின்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் யாரு? எங்களத் திரும்பக் கொண்டுபோய் விடுங்க" என்றார். சங்கிலியை மாட்டிப் பசறைக்கு இழுத்துப் போனேன். பிரியும்போது மாப்பிள்ளை என் எண்ணெய்க் கையைப் பிடித்து, "உங்களைப் போல அக்கறையா வேலை செய்ற டிரைவரை நான் பார்த்ததில்ல" என்றார். நல்ல மனுசன்தான், பாவம்.

சாயந்தரம் வெறும் லொறியோடு மலையேறி வந்து நிறுத்தினேன். கணக்கப்பிள்ளையின் வீட்டுப் படியில் டீச்சர் தனியாக நின்றார். முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அவர்தான் முதலில் கேட்டார்.

"எந்த இடத்துல கண்டுபிடிச்சீங்க?"

"மூணாங்கட்டைக்கிட்ட."

"அப்ப நேரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

டீச்சர் ஒரு படி கீழே இறங்கினார்.

"பொறகு என்ன செஞ்சீங்க?"

"திரும்ப மூடிட்டேன்."

"திரியோடவா?"

"திரியோடதான், டீச்சர்."

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தார்.

"அப்படின்னா நின்னுக்கிட்டு இருக்காதீங்க, உள்ள வாங்க. அப்பா வீட்டுலதான் இருக்காரு."

கையைக்கூடக் கழுவாமல் அவர் பின்னால் படியேறினேன்.