ரோட்டுக்கு அந்தப் பக்கம்

வெர்னாவின் கணவரை அடக்கம் செய்த காலையில், பக்கத்து வீட்டு ஆர்லன் டகெட் எல்லோருக்கும் முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். முதல் நாளே வெட்டி வைத்திருந்த குழிக்குள், வாலை ஆட்டிக் கிலுகிலுக்கும் விஷப்பாம்பு ஒன்று விழுந்து கிடந்தது. ஏணி வைத்து இறங்கி, நீள இடுக்கியால் பிடித்து வாளியில் போட்டு மூடினார். கொண்டுபோய் விட நேரமில்லை. வாளியின் மேல் கோட்டைப் போர்த்திக் கடைசி வரிசையில் நின்றார். ஜெபத்தின் நடுவே வாளி கிலுகிலுத்தது. ஆர்லன் இருமினார். மறுபடியும் கிலுகிலுத்தது, மறுபடியும் இருமினார். போதகர் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார். அரிசோனாவிலேயே பிறந்து வளர்ந்த வெர்னாவுக்கு அது இருமலா வாலா என்று தெரியாதா? மறுநாள் சோளரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வருடம் அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அதே மாதிரிப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. ஆர்லன் வெளியூர் போயிருந்தார். அவளே அதை ஒரு டிரம்முக்குள் தள்ளி மூடி, முப்பது மைல் ஓட்டிப்போய், நிழலும் தண்ணீரும் உள்ள ஓடைக்கரையாகப் பார்த்து விட்டு வந்தாள். ஆர்லன் திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னாள். அவர் துக்கம் கேட்டவர்போலத் தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல இடமா பாத்துதான் விட்டேன்."

"நல்ல இடந்தான் வெர்னா. அதோட இடம் இல்ல. குளிருக்கு இந்த மலையில ஒரே பாறை இடுக்குலதான் வருஷாவருஷம் போய் ஒடுங்கும். அதைத் தேடியே அலையும். பனி வந்தா முடிஞ்சுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ முப்பது மைல் போவேன்னு யார் கண்டா? நான் ரோட்டத் தாண்டித்தான் விடுவேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க வெர்னா தன் இரவு ஜெபத்தில் அந்தப் பாம்பையும் சேர்த்துக்கொண்டாள்.

எண்பத்திரண்டு வயதில் ஆர்லனுக்குக் கண் மங்கியது. வெர்னாவின் தோட்டத்தில் கிடந்த ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து, வாளியில் போட்டு, ரோட்டைத் தாண்டிக் கொட்டிவிட்டு வந்தார்.

"சாதுவான பாம்பு" என்றார்.

"ஆமா, சத்தமே போடல" என்றாள் வெர்னா. அவர் போனபிறகு குழாயை எடுத்து வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்படி இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை, குழாய்தான் என்று அவர் கையால் தூக்கியது குழாய் இல்லை.

ஒரு விரல் போயிற்று, உயிர் தப்பியது. ஓஹையோவிலிருந்து அவர் மகள் லோரீன் வந்து, அவரைத் தன்னோடு கூட்டிப்போகப் பெட்டி கட்டினாள். அக்டோபர் மாதம். வெர்னா வாசலை மறித்து நின்றாள்.

"லோரீன் கண்ணு, குளிர் வர்ற நேரத்துல அவ்வளவு தூரம் கொண்டுபோகாதே. என் வீட்டு முன்ரூம் சும்மாதான் கிடக்கு. நான் பாத்துக்கறேன்."

"ஆன்ட்டி, குழாய் விஷயத்தையே என்கிட்ட மறைச்சீங்க, கடிச்சப்புறம்தான் சொன்னீங்க."

"இடம் மாத்தினா தாங்காது கண்ணு" என்றாள் வெர்னா மெதுவாக.

"அவர் எங்கப்பா ஆன்ட்டி. பாம்பு இல்ல. எங்க வீட்ல ஹீட்டர் இருக்கு."

வெர்னா வாசலை விட்டு விலகினாள். ஆர்லன் காரில் ஏறினார். வாளியையும் இடுக்கியையும் அவள் வீட்டு வாசலில் ஏற்கெனவே வைத்திருந்தார். வண்டி கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார்.

"வெர்னா, உன் தண்ணித் தொட்டிக்குக் கீழ ஒண்ணு வந்திருக்கு. காலையில சத்தம் கேட்டேன். ரோட்டத் தாண்டி விட்டாப் போதும். தூரமா வேணாம்."